ஆவாரம்பட்டையும் கன்னத்து ஊசியும்

ஐப்பசியில் ஒரு நாள் திண்டுக்கல்லில் இருந்து பெரியம்மா மகள் அக்காவின் வாய்ஸ் மெசேஜ். “தம்பி, கன்னம் ரெண்டும் உள்ள போயிருச்சுன்னு மதுரையில ஒரு டாக்டர்கிட்ட காட்டினேன்டா. கொலாஜன் ஊசி போட்டா சரியாகும்கிறாங்க. கொலாஜன்னா மாட்டுத்தோல்ல இருந்து எடுக்கிறதாமே, நெசமா? தை மாசம் மக கல்யாணம். அதுக்குள்ள கன்னம் வந்துருமா?”

நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் எங்கள் குடும்பத்தில் ‘நெட்ல தேடிச் சொல்ற பையன்’ என்ற பதவி என்னிடம்தான் இருக்கிறது. தேட ஆரம்பித்ததில், அக்காவின் முதல் கேள்விக்கான பதில் எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி, சுருட்டு என்பார்கள். நான்காவதாக ஒன்று உண்டு, அதை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை: தோல். சின்ன வயதில் பேகம்பூர் பக்கம் பஸ் திரும்பும்போதே மூக்கு சொல்லிவிடும், டேனரி வந்துவிட்டது என்று. உள்ளே நடப்பது என்ன? பச்சைத்தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, முடியையும் மேல்தோலையும் கழற்றுவார்கள். அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சுரண்டி எடுப்பார்கள். நடுவில் வெள்ளையாக ஓர் அடுக்கு மிஞ்சும். ஆங்கில மருத்துவம் டெர்மிஸ் என்று சொல்வது அதைத்தான். அதில் தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பெரும்பகுதி கொலாஜன். ஆக, செருப்பும் பெல்ட்டும் பதப்படுத்திய கொலாஜன்தான். நம் முகத்தைத் தாங்கி நிற்பதும் அதே அடுக்குதான்.

பதப்படுத்த நம் பக்கம் பழைய வழி ஆவாரம்பட்டை. பட்டைச் சாற்றில் தோலை ஊறப்போட்டு, கடைசியில் கடுக்காய் கொடுப்பார்கள். இங்கிலீஷ்காரன் காலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கடல் கடந்து போனது இந்த மாதிரிச் சரக்குதான். ஆவாரம்பட்டை பத்தாமல் போனபோது வாட்டில் பட்டை வந்தது. அதற்காகவே கொடைக்கானல் மலையில் வாட்டில் மரங்களை நட்டார்கள், இன்று அங்கே புல்வெளியை அது தின்றுகொண்டிருக்கிறது. அப்புறம் குரோமியம் வந்தது. 1996ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் மாசு அபராதம் போட்ட ஐந்து மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. கிணறு கெட்டுப்போன கதை தனிக் கட்டுரைக்கு உரியது, இங்கே வேண்டாம்.

இங்கே வேண்டியது டேனரிக்காரர்களின் ஒரு சின்னப் பரிசோதனை. குரோம் போட்ட ஈரத்தோலில் ஒரு துண்டு வெட்டி, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் போடுவார்கள். சுருங்கவில்லை என்றால் தோல் பதமாகிவிட்டது. பதப்படுத்தாத தோல் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். பட்டை போட்ட தோல் 80 டிகிரி வரை தாங்கும். குரோம் தோல் 100ஐத் தாண்டியும் நிற்கும். இதற்கு நேர் எதிர்ப் பரிசோதனையை நாம் எல்லாரும் வீட்டில் செய்திருக்கிறோம்: ஆட்டுக்கால் சூப். காலில் இருக்கும் கொலாஜன் கொதித்துக் கொதித்து அவிழ்ந்து குழம்போடு கலந்துவிடுகிறது. மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் அல்வா மாதிரி உறைகிறது. அதுதான் ஜெலட்டின்.

‘அவிழ்ந்து’ என்று சொன்னேன் இல்லையா, அது உவமை கிடையாது. கொலாஜன் நிஜமாகவே முறுக்கிய கயிறு. இதை உலகத்துக்குச் சொன்ன இடம் சென்னை.

1952ல் ஜி.என்.ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. சென்னைக்கு வந்த ஜே.டி.பெர்னல் என்ற விஞ்ஞானியோடு பேசும்போது, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று தெரியவருகிறது. பிடித்துக்கொண்டார். கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்ரே படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954ல் நேச்சர் இதழில் முதல் கட்டுரை. 1955ல் அதைத் திருத்தி அடுத்தது: மூன்று புரிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக முறுக்கி, மூன்றும் சேர்ந்து மறுபடி முறுக்கிய கயிறு. ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது இடத்தில் தவறாமல் கிளைசின் வரும். ஏனென்றால் மூன்று புரியும் உள்ளே நெருங்கும் இடத்தில் இருப்பதிலேயே சின்ன அமினோ அமிலம்தான் நுழைய முடியும். அதே 1955ல் ரிச், கிரிக் இருவரும் (ஆமாம், டி.என்.ஏ. கிரிக்தான்) ராமச்சந்திரன் மாதிரியில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று குறை சொல்லி, தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். விவரத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, மூன்று புரிக் கயிறு என்ற அடிப்படை ராமச்சந்திரனுடையது. ‘அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?’ என்று அவர் விடாமல் கணக்குப் போட்டதில் இருந்துதான் 1963ல் ராமச்சந்திரன் வரைபடம் பிறந்தது. இன்று உலகம் முழுக்கப் புரத அமைப்பைச் சரிபார்க்க அதைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். விமர்சனத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு ‘டிரிப்பிள் ஹீலிக்ஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தோல்காரர்களுக்கு நன்றி மறக்கவில்லை.

சரி, ஊசிக்கு வருவோம்.

முகப் பள்ளத்தை ஊசியால் நிரப்பும் ஆசை பழையது. 1899ல் வியன்னாவில் கெர்சுனி என்ற மருத்துவர் பாரஃபினை ஊசியில் ஏற்றியதில் தொடங்கி, கட்டியும் புண்ணுமாக அவஸ்தைப்பட்டவர்கள் நிறையப் பேர். முதல் ஒழுங்கான மருந்து 1981ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸைடெர்ம். அக்காவுக்கு யாரோ சொன்னது இதைத்தான். ஆமாம், அது மாட்டுத்தோல் கொலாஜன். இதற்கென்றே தனியாக வளர்த்த மாட்டு மந்தையில் இருந்து எடுத்து, ஒவ்வாமை தரும் முனைகளை நொதியால் வெட்டிச் சுத்தம் செய்தது. அப்படியும் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் ஒவ்வாமை இருந்ததால், முதலில் முன்கையில் போட்டு நாலு வாரம் காத்திருக்க வேண்டும். சில மாதங்களில் உடம்பு அதைக் கரைத்துவிடும். மறுபடி ஊசி.

கரையாமல் இருக்க என்ன செய்தார்கள்? இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. 1985ல் வந்த ஸைப்ளாஸ்ட்டில் கொலாஜன் இழைகளை குளுட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தால் ஒன்றோடொன்று பிணைத்தார்கள். குளுட்டரால்டிஹைடு டேனரியிலும் பயன்படுகிற பதனிடும் சரக்கு! அதாவது லேசாகப் பதனிட்ட தோலை முகத்துக்குள் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்ச நாள் தாங்கியது, அவ்வளவுதான். செத்த கயிற்றை எவ்வளவு கெட்டியாக முடிந்து உள்ளே வைத்தாலும், உயிருள்ள உடம்பு அதை அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும்.

வயதானால் தோல் ஏன் தொங்குகிறது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. தோலில் கயிறு திரிக்கும் ஆள் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல். அது கயிற்றைப் பிடித்து இழுத்தபடி, விறைப்பாக உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒழுங்காக வேலை பார்க்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் கொலாஜனை வெட்டும் நொதிகள் அதிகமாகும். கயிறு அறுந்து துண்டுதுண்டாகக் கிடந்தால் செல்லுக்குப் பிடிமானம் இல்லை, அது தொய்ந்துபோகும். தொய்ந்த செல் புதுக்கயிறு குறைவாகத் திரிக்கும், வெட்டும் நொதியை அதிகமாக விடும். கயிறு இன்னும் அறும். எங்கள் தொழிலில் இதை இன்ஃபினிட் லூப் என்போம், வெளியே இருந்து யாராவது நிறுத்தினால் ஒழிய நிற்காது. நிலக்கோட்டைப் பக்கம் பூத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களின் பிடரியையும், சட்டைக்குள் இருக்கும் தோள்பட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வயது எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடலாம். புகையிலையும் இதே வேலையைச் செய்யும். சுருட்டு ஊர்க்காரன் நான், அதற்கு மேல் சொல்லவில்லை.

கொலாஜனை வெளியே இருந்து கொண்டுவருவதை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் செல்லையே திரும்பக் கயிறு திரிக்க வைத்தால் என்ன? இப்போது ‘கொலாஜன் ஊசி’ என்று சொல்வதில் பெரும்பாலும் கொலாஜனே கிடையாது. முக்கியமானது பாலி-எல்-லாக்டிக் அமிலம். உடம்பில் தானாகக் கரையும் தையல் நூலின் சொந்தக்காரப் பொருள். 1999ல் ஐரோப்பாவில் நியூ-ஃபில் என்ற பெயரில் வந்து, பிறகு ஸ்கல்ப்ட்ரா ஆனது.

ஆனால் அமெரிக்காவில் இதற்கு 2004 ஆகஸ்டில் முதல் அனுமதி கிடைத்தது அழகுக்காக அல்ல, எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக. அந்தக் காலத்து எச்.ஐ.வி. மருந்துகளில் ஸ்டாவுடின் என்று ஒன்று. உயிரைக் காப்பாற்றும், ஆனால் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்துவிடும். முகமே நோயை ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தியாவில் அரசின் இலவச எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கியதும் அதே 2004ல்தான், ஏப்ரல் 1 அன்று. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. விலை மலிவு என்பதால் இங்கே கொடுத்த முதல் வரிசை மாத்திரையிலும் ஸ்டாவுடின் இருந்தது. ஒரே வருஷத்தில் அங்கே பள்ளத்தை நிரப்ப ஊசிக்கு அனுமதி, இங்கே பள்ளம் விழவைக்கும் மாத்திரை கிடைத்ததே பெரிய விஷயம். இதைப் படித்த அன்று மேற்கொண்டு எதையும் தேடத் தோன்றவில்லை. பின்னால் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைக் கைவிடச் சொன்னது. அழகு சிகிச்சைக்கு அந்த ஊசிக்கு அனுமதி கிடைத்தது 2009ல்.

வேலை செய்யும் விதம் இப்படி. பொடியாக வரும் மருந்தைச் சுத்தமான நீரில் கலந்து தோலுக்கு அடியில் ஏற்றுவார்கள். கன்னம் உடனே உப்பும். அது வெறும் தண்ணீர், சில நாளில் வடிந்துவிடும், பலர் ‘பணம் போச்சு’ என்று நினைப்பது அப்போதுதான். மிஞ்சிய நுண்துகள்கள் 40 முதல் 63 மைக்ரான், காவல் செல்கள் விழுங்க முடியாத அளவு. அவை துகளைச் சூழ்ந்துகொண்டு லேசான அழற்சியை நடத்தும். அந்தச் சத்தம் கேட்டு ஃபைப்ரோபிளாஸ்ட் வந்து, காயம் ஆற்றுவதுபோலக் கயிறு திரிக்க ஆரம்பிக்கும். முதலில் மெல்லிய மூன்றாம் வகை, பிறகு உறுதியான முதலாம் வகை கொலாஜன். துகள் மெதுவாக லாக்டிக் அமிலமாகக் கரைந்து கடைசியில் நீரும் கரியமில வாயுவுமாகப் போய்விடும். கட்டிய கயிறு இரண்டு வருஷம் போல நிற்கும். எலும்பில் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட்டை உருண்டையாக்கிச் செய்த ரேடியஸ்ஸும் ஏறக்குறைய இதே தந்திரம்தான், ஜெல்லில் வருவதால் முதல் நாளிலேயே கொஞ்சம் நிரப்பவும் செய்யும்.

உடம்பைச் சீண்டி வேலை வாங்குவதால், சீண்டல் அளவு மீறினால் கட்டி கட்டியாக நின்றுவிடும். ஆரம்ப காலத்தில் மருந்தைக் கெட்டியாகக் கலந்து போட்டதில் நிறையப் பேருக்கு அப்படி ஆனது. இப்போது நீர் அதிகம் சேர்க்கிறார்கள், வீட்டில் தினம் ஐந்து முறை, ஐந்து நிமிஷம், ஐந்து நாள் தேய்க்கச் சொல்கிறார்கள். ஹயலுரோனிக் அமில ஊசி பிடிக்கவில்லை என்றால் கரைக்க மாற்று ஊசி உண்டு, இதற்குக் கிடையாது. அபூர்வமாக ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் செத்துப்போகலாம், கண் பார்வையே போகலாம். அதனால் போடுகிறவர் யார், என்ன படித்தவர் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். பியூட்டி பார்லரில் போட்டுக்கொள்கிற சமாச்சாரம் இல்லை இது.

அக்காவுக்கு இதையெல்லாம் சுருக்கி வாய்ஸில் சொன்னேன். மாட்டுத்தோல் இல்லை. ஆனால் சில வார இடைவெளியில் இரண்டு மூன்று தடவை போடணும், பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், தை கல்யாணத்துக்கு நம்பி உட்கார முடியாது. முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் போட்டு வீங்கியோ கன்றியோ போனால் ஃபோட்டோவில் அதுதான் விழும். வேணும்னா கல்யாணம் முடிஞ்சு தோல் டாக்டர்கிட்ட நிதானமாப் பேசுங்க, இப்போதைக்கு வெயில்ல பத்திரிகை வைக்கப் போறப்ப குடை எடுத்துட்டுப் போங்க.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. “கல்யாணம் முடியட்டும்டா. மாட்டுத்தோல் இல்லைன்னு மட்டும் நீயே அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிரு. ரெண்டு நாளா என்னை அடுப்படிப் பக்கம் விட மாட்டேங்குது.”