அடைப்பான் நோய்: கொங்கு நாட்டில்

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்பது பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்ற பாக்டீரியாவால் வரும் கொடிய தொற்றுநோய். மாடு, ஆடு, மான், யானை, காட்டுப்பன்றி, மனிதர் எனப் பல உயிர்களையும் தாக்கும். கோவை, ஈரோடு மலையடிவாரங்களில் பட்டி மாடுகளும் யானைகளும் ஒரே காட்டில் மேய்வதால், இங்கே இந்நோயைக் கால்நடைப் பிரச்சினையாக மட்டும் பார்க்க முடியாது. 2021 ஜூலையில் கோவை வனக்கோட்டத்தின் ஆனைகட்டிப் பகுதியில் ஒரு பெண் யானை இந்நோய்க்குப் பலியானது. 2022இல் கேரளத்தின் அதிரப்பள்ளியில் இதே நோயால் காட்டுப்பன்றிகள் இறந்தன.

பரவும் விதம்

இக்கிருமி வித்து (ஸ்போர்) வடிவில் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். புல்லோடு மண்ணும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும்போது வித்து விழித்து, ரத்தத்தில் பெருகும். நேற்றுவரை நன்றாக மேய்ந்த மாடு திடீரென்று விழுந்து சாகும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடியும். சடலத்தை அறுத்தால் காற்றுப் பட்டு, கிருமிகள் மீண்டும் வித்தாகி மண்ணில் சேரும். அறுக்காமல் விட்டால் அழுகலிலேயே பெரும்பாலானவை மடியும்.

மனிதருக்குப் பெரும்பாலும் செத்த மாட்டைத் தோலுரிப்பதாலும், அதன் இறைச்சியாலும் தொற்றுகிறது. தோலில் நடுவே கறுத்த புண் தோன்றும். உடனே மருத்துவம் பார்த்தால் குணமாகும்.

பரிணாமம்

உயிருள்ள உடலிலிருந்து இன்னோர் உடலுக்குத் தாவும் கிருமிகளுக்கு, தங்கிய உயிரைச் சீக்கிரம் கொல்வது பெரும்பாலும் நட்டமே. அடைப்பானுக்கோ அந்தச் சாவுதான் பரவும் வழி. அதனால்தான் அதன் கொடுமை தணியவில்லை. அக்கொடுமைக்குக் காரணமான நச்சையும் மேலுறையையும் உண்டாக்கும் மரபணுக்கள் இரண்டு பிளாஸ்மிடுகளில் (தனியாக உள்ள சிறு டி.என்.ஏ. வளையங்களில்) உள்ளன. நெடுங்காலம் வித்தாகவே உறங்குவதால், உலகெங்கும் இதன் வகைகளிடையே மரபணு வேறுபாடு மிகக் குறைவு.

தடுப்பு

1930களில் தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் மேலுறை இழந்த வகையைக் கொண்டு தடுப்பூசி உருவாக்கினார். தமிழ்நாட்டில் இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அடைப்பான் தடுப்பூசி தயாரிக்கிறது. காட்டு யானைகளுக்கெல்லாம் ஊசி போடுவது நடக்காத காரியம். காட்டோர மாடுகளுக்கு ஆண்டுதோறும் போடுவது நம்மால் முடியும். திடீரென்று இறந்த மாட்டை அறுக்கவோ, தோலுரிக்கவோ, ஓடையில் தள்ளவோ கூடாது. கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லி, எரிக்க வேண்டும். அல்லது ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும்.