பன்னிரண்டு-நாலு வாட்ச்

கப்பலில் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரையிலான வாட்ச்சை யாரும் விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை. சரக்குக் கப்பல்களில் நான் சுக்காணியாக இருந்த காலத்தில் எனக்கு அதிகம் வாய்த்தது அதுதான். செகண்ட் மேட் பிரிட்ஜில் நிற்பார். மணிக்கொரு முறை நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவேன். ஃபயர் ரவுண்ட் என்போம். சமையலறையில் அடுப்பு அணைந்திருக்கிறதா, துணி உலர்த்தும் மெஷினை யாராவது ஓடவிட்டுப் படுத்துவிட்டார்களா, மெஸ் ரூம் குப்பைக் கூடையில் சிகரெட் துண்டு புகைகிறதா, பெயின்ட் அறை பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சாத்தியிருக்கும் கதவுகளைப் புறங்கையால் தொட வேண்டும். உள்ளே நெருப்பு இருந்தால் கதவு சுடும். நங்கூரம் போட்டு நின்றாலும் இதிலிருந்து விடுதலை இல்லை. மேலே ஏறி வந்து எல்லாம் சரி என்று சொன்னால் மேட் லாக் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்.

அதனால்தான் 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவிங் படகு எரிந்து 34 பேர் மாண்ட செய்தியைப் படித்தபோது, தீ எப்போது பிடித்தது என்றே முதலில் தேடினேன். அதிகாலை மூன்று மணியைக் கொஞ்சம் தாண்டி.

கடலில் இந்த நேரம் பொல்லாதது என்பதற்குப் பழைய சாட்சிகள் உண்டு. 1934 செப்டம்பர் 8 அன்று நியூஜெர்சி கரையருகே மோரோ காஸில் என்ற பயணிக் கப்பலில், எழுதும் அறையின் அலமாரி ஒன்றில் நெருப்பைக் கண்டபோது மூன்று மணியாகச் சில நிமிடங்களே இருந்தன. 137 உயிர்கள் போயின.

1965 நவம்பர் 13 இரவு இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியது. மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்குப் போய்க்கொண்டிருந்த யார்மத் காஸில், 1927இல் கட்டிய பழைய கப்பல். உள்ளே எங்கும் மரம், மரத்தின் மேல் பல அடுக்குப் பெயின்ட். மெத்தைகளைப் போட்டுவைத்திருந்த ஓர் அறையில் கனன்ற நெருப்பைக் கண்டுபிடிக்கும்போது மணி ஒன்று. ரேடியோ அறை எரிந்துபோனதால் அந்தக் கப்பலால் உதவி கேட்டு ஒரு செய்திகூட அனுப்ப முடியவில்லை. 552 பேர் அதில் இருந்தார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் பிழைத்ததற்குக் காரணம் வேறொரு கப்பலில் விழித்திருந்த ஒருவர். எட்டு மைல் முன்னால் ஃபின்பல்ப் என்ற ஃபின்லாந்துச் சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதன் வாட்ச்சில் இருந்த மேட், பின்னால் வந்த பயணிக் கப்பல் ரேடாரில் வேகம் குறைவதைக் கவனித்தார். திரும்பிப் பார்த்தார், வானம் சிவந்திருந்தது. உறங்கிக்கொண்டிருந்த கேப்டனை எழுப்பினார். கப்பல் திரும்பியது, கடலோரக் காவல்படைக்குத் தகவல் போனது. பன்னிரண்டு மைல் பின்னால் வந்த பஹாமா ஸ்டார் கப்பலும் செந்நிற வெளிச்சத்தைக் கண்டு விரைந்து வந்தது. பஹாமா ஸ்டார் 373 பேரையும் ஃபின்பல்ப் 92 பேரையும் கரை சேர்த்தன. ஃபின்பல்ப்பை முதலில் வந்தடைந்த உயிர்காப்புப் படகில் எரியும் கப்பலின் கேப்டனே இருந்தார். ஃபின்லாந்து கேப்டன் கொதித்துப்போய் அவரைத் திருப்பி அனுப்பினார் என்பது கப்பல்காரர்கள் இன்றும் பேசும் செய்தி. 90 பேர் இறந்தார்கள். அதற்கடுத்த ஆண்டே பயணிக் கப்பல்களின் தீப்பாதுகாப்புக்கான சர்வதேச விதிகள் இறுக்கப்பட்டன.

இரவுக் காவலுக்கான விதி என்று பார்த்தால், அது இவற்றைவிட மிகப் பழையது. பயணிகளை ஏற்றும் நீராவிக் கப்பல்கள் இரவில் அறைகளிலும் ஒவ்வொரு தளத்திலும் போதுமான காவலாளிகளை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்கா 1871இலேயே சட்டம் போட்டது. கடமை தவறி உயிர்ப்பலிக்குக் காரணமாகும் கேப்டனைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் அதற்கும் முந்தியது. வேர் 1838இல் இருக்கிறது. 1904இல் நியூயார்க் ஈஸ்ட் ரிவரில் ஜெனரல் ஸ்லோகம் என்ற நீராவிக் கப்பல் எரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், மாண்டார்கள். தீயணைப்புப் பயிற்சி நடத்தாத குற்றத்துக்காக அதன் கேப்டனுக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆக, இரவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பது கன்செப்ஷன் கட்டப்பட்டபோது நூறு வருடத்துக்கும் மேலாக ஊறிய வழக்கம்.

அந்தப் படகு 1981இல் மரத்தில் கட்டி ஃபைபர்கிளாஸ் போர்த்தியது. நீளம் 75 அடி. சான்டா பார்பராவிலிருந்து சேனல் தீவுகளுக்கு ஸ்கூபா டைவிங் செய்பவர்களை அழைத்துப்போகும். அவர்கள் படகிலேயே தங்கி, உண்டு, உறங்குவார்கள். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறைக்காக 33 பயணிகளும் கேப்டனோடு சேர்த்து ஆறு பணியாளர்களும் புறப்பட்டார்கள். சான்டா குரூஸ் தீவின் வடகரையில் பிளாட்ஸ் ஹார்பர் என்ற ஒதுக்கமான இடத்தில், கரைக்கு மிக அருகே நங்கூரம் போட்டிருந்தார்கள்.

பயணிகள் உறங்கியது அடித்தளத்தில், அடுக்குப் படுக்கைகளில். பணியாளர் ஒருவரும் அங்கே படுத்திருந்தார். மேலே வர இரண்டு வழி: முன்பக்கம் படிக்கட்டு, பின்பக்கம், மேல் படுக்கையில் ஏறினால் மட்டுமே எட்டும் ஒரு திறப்பு. இரண்டும் போய்ச் சேர்ந்தது ஒரே இடத்தில், நடுத்தளக் கூடத்தில். செல்போன், கேமரா, டைவிங் விளக்கு என்று பேட்டரிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததும் அந்தக் கூடத்தின் பின்பகுதியில்தான். தீ தொடங்கியதும் அங்கேதான் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. எதனால் என்பதை உறுதி செய்ய முடியவில்லை. உறங்கும் அறையில் புகையறியும் கருவி இருந்தது, கூடத்தில் இல்லை. கீழே இருப்பவர்களுக்குப் புகை தெரியும்போது மேலே வழி மூடிவிட்டது. எனக்கு ஆறாதது இதுதான்: அவர்களில் சிலர் விழித்துவிட்டார்கள். காலணி அணிந்தபடி சில உடல்கள் கிடைத்தன. கடலடியிலிருந்து எடுத்த ஒரு செல்போனில் 3.17க்கு எடுத்த காணொளி இருந்தது.

மேல்தளத்தில் உறங்கிய கேப்டனும் நால்வரும் சத்தம் கேட்டு எழுந்தபோது கீழே தீ நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஏணி வழியே இறங்க முடியாமல் குதித்தார்கள். ஒருவருக்குக் கால் முறிந்தது. கூடத்தின் முன் ஜன்னலைத் திறக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. 3.14க்கு உதவி கேட்டு மே டே அழைப்பு போனது. கடலில் குதித்து, படகின் பின்னால் இருந்த சிறு படகை எடுத்துக்கொண்டு, அருகே நங்கூரமிட்டிருந்த கிரேப் எஸ்கேப் என்ற படகைத் தட்டி எழுப்பினார்கள். அதில் இருந்த தம்பதி அவர்களை ஏற்றிக்கொண்டார்கள். இருவர் சிறு படகில் திரும்பிப்போய், யாராவது நீந்தி வருகிறார்களா என்று தேடினார்கள். ஒருவரும் வரவில்லை. விடிந்தபின் படகு கரையோரமே மூழ்கியது.

தீ பிடிப்பதற்கு முன் கடைசியாக விழித்திருந்த பணியாளர் இரண்டரை மணி வாக்கில் படுக்கப் போயிருந்தார். அரை மணி நேரம், சற்றுக் கூடுதலாக. ஒரு ரவுண்டுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் நடுவே உள்ள நேரம்கூட அல்ல. பயணிகள் படுக்கையில் இருக்கும்போது சுற்றிவரும் காவல் வேண்டும் என்று அந்தப் படகின் சான்றிதழே சொல்லியிருந்தது. அந்தக் காவலை வைக்காததற்காக 1991க்குப் பிறகு எந்தப் படகின் மீதும் கடலோரக் காவல்படை நடவடிக்கை எடுத்ததாகப் பதிவே இல்லை என்பதை விசாரணை வெளிக்கொண்டு வந்தது. காகிதத்தில் விதி இருந்தது, படகில் எல்லோரும் உறங்கினார்கள், கேட்பாரும் இல்லை. கேப்டனை மட்டும் குற்றவாளி ஆக்கினால் இந்தக் கணக்கு தீராது என்றே நினைக்கிறேன். 2023 நவம்பரில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. அடுத்த மே மாதம் நான்காண்டுச் சிறை. தீர்ப்புக்கு வழிவிட்டது 1838இல் வேர்கொண்ட அதே சட்டம்.

2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம், இரவு தங்கும் பயணிப் படகுகளில் ஒன்றோடொன்று இணைந்த புகையறியும் கருவிகளையும், தடையில்லாத இரண்டு வெளியேறும் வழிகளையும் கட்டாயமாக்கச் சொன்னது. காவல் இருப்பவர் விழித்திருக்கிறாரா என்று சோதிக்கும் கருவியும் வேண்டும் என்றது. நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு காவலாளிக்கே ஒரு காவல் வைக்க வேண்டியதாயிற்று.

அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ போய்ப் படகிலேயே இரவு தங்கி டைவிங் செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் இன்று நிறையப் பேர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். படகில் ஏறியதும் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் சோதிப்பது போலவே, படுக்கும் இடத்திலிருந்து இரண்டு வழிகளிலும் ஒருமுறை நீங்களே ஏறிப் பாருங்கள். இரண்டும் ஒரே அறையில் போய் முடிகின்றனவா என்று கவனியுங்கள். பேட்டரியை ஆள் இல்லாத இடத்தில் சார்ஜ் போட்டுவிட்டு உறங்காதீர்கள். இரவு மூன்று மணிக்கு இந்தப் படகில் யார் விழித்திருப்பார் என்று கேப்டனிடம் கேளுங்கள். அவர் ஓர் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் அந்தப் படகில் தங்காதீர்கள்.