கிருமி வந்த வழி
திருப்பூர்ப் பனியன் ஆலைகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் தொழிலாளரே நோயைச் சுமந்து வருகின்றனர் என்று கூறுவோர் உளர். ‘பி’ வகைக் காமாலைக் கிருமியின் வரலாறோ வேறு கதை சொல்கிறது.

ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் குருதியில் இதன் அடையாளத்தைக் கண்டு 1965இல் அறிவித்த அமெரிக்க அறிஞர் புளூம்பெர்க், 1976இல் நோபல் பரிசு பெற்றார். இக்கிருமியிலும் குலங்கள் பல உண்டெனப் பின்னர்த் தெரிந்தது. இந்தியாவில் மிகுந்துள்ள ‘டி’ குலமே மேற்காசியாவிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் மிகுதி. அடுத்தது ‘ஏ’. அதன் ஒரு கிளை ஆப்பிரிக்காவில் தோன்றி, வணிகரோடும் அடிமைகளோடும் கடல் கடந்து தெற்காசியாவை அடைந்தது என்பர் ஆய்வாளர். காயலில் அரபுக் குதிரைகளை இறக்கிய மரக்கலங்கள் இதனையும் இறக்கியிருக்கலாம். நம் முன்னோரும் அக்கலங்களில் ஏறியவர்களே!

தாய்வழியும் குருதிவழியும் உடலுறவாலும் பரவும் இக்கிருமி, ஒரே சஹனில் அமர்ந்து உண்பதால் ஒட்டுவதில்லை. ஒடிசாத் தாயின் மகவுக்கும் நம் மகவுக்கும் பிறந்த 24 மணி நேரத்திற்குள் போட வேண்டியது ஒரே தடுப்பூசிதான்.