ஹோசங்காபாத்தின் அறிவியல் வகுப்பறை: 1972–2002

செய்முறை வழியே அறிவியல் கற்பிப்பது பற்றிய இந்திய விவாதங்கள் பெரும்பாலும் உபகரணப் பெட்டியில் தொடங்கி அதனோடு முடிந்துவிடுகின்றன. ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தின் முப்பதாண்டு வரலாறு அப்பெட்டிக்கு வெளியே இருந்தவற்றையும் கவனிக்கச் சொல்கிறது.

1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் ஊரக மையம் ஆகிய இரு தன்னார்வ அமைப்புகள், மாநில அரசின் இசைவோடு, 16 நடுநிலைப் பள்ளிகளில் இத்திட்டத்தைத் தொடங்கின. தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்களும் துணைநின்றனர். 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பின்னர் அதன் பொறுப்பை ஏற்றது.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் நால்வர் குழுக்களாக அமர்ந்து சோதனைகளைச் செய்தனர். ‘பால் வைக்ஞானிக்’ என்னும் அவர்களது பணிப்புத்தகத்தில் மனப்பாடத்திற்குரிய வரையறைகள் இல்லை. செய்ய வேண்டியவையும் விடை தேட வேண்டிய வினாக்களும் இருந்தன. ஒரே மேசையைப் பலர் அளந்தால் அளவுகள் ஏன் வேறுபடுகின்றன என்பதுகூட அங்கே பாடமாயிற்று. இலைகளும் விதைகளும் வயல்களும் ஆய்வுப் பொருள்களாயின. 1978இல் இங்கு வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு வடிவியல் மாதிரிகளை உருவாக்கினார்.

இவற்றைத் தாங்கி நின்றது ஓர் அமைப்பு முறை. ஆசிரியர்கள் பயிற்சி முகாம்களில் மாணவர்களைப் போலவே ஒவ்வொரு சோதனையையும் தாமே செய்து பார்த்தனர். மாதாந்திரக் கூட்டங்களில் வகுப்பறைச் சிக்கல்களை விவாதித்தனர். அவர்களது கருத்துகளைக் கொண்டு புத்தகம் திருத்தப்பட்டது. ‘சவாலிராம்’ என்னும் கற்பனைப் பாத்திரத்திற்குக் குழந்தைகள் தம் ஐயங்களைக் கடிதமாக எழுதினர். எல்லாவற்றினும் முக்கியமானது தேர்வுச் சீர்திருத்தம். எழுத்துத் தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். தனியே செய்முறைத் தேர்வும் உண்டு. நினைவாற்றலை மட்டும் அளக்கும் தேர்வு நீடித்திருந்தால், வகுப்பறைச் சோதனைகள் சில மாதங்களிலேயே பொருளற்றுப் போயிருக்கும்.

2002இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. அப்போது பல மாவட்டங்களில் ஏறத்தாழ 1000 பள்ளிகள் அதில் இருந்தன. மாநிலம் முழுவதும் ஒரே பாடநூல் வேண்டும் என்பது முன்வைக்கப்பட்ட காரணங்களுள் ஒன்று. கல்வியாளர்களும் அறிவியலாளர்களும் எதிர்த்தும் முடிவு மாறவில்லை. பாடநூலும் தேர்வும் பயிற்சியும் அரசு ஆணையால் ஒன்றிணைந்திருந்தன. இன்னோர் ஆணை அவற்றை ஒருசேர அகற்றியது. அரசுப் பள்ளிகளுக்குள் வேர்கொண்டதே திட்டத்தின் வலிமை. அதுவே அதன் பலவீனமும் ஆயிற்று.

ஏகலவ்யா 1980களின் பிற்பகுதியில் தொடக்கப் பள்ளிகளுக்கென வகுத்த ‘பிராஷிகா’ திட்டமும் இவ்வனுபவத்தின் தொடர்ச்சியே. இன்று தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டிகள் வழங்கப்படும்போது, அவற்றோடு ஆசிரியர் கூடிப் பேச நேரமும், ‘தெரியாது, செய்து பார்ப்போம்’ என்று சொல்லும் உரிமையும், அதற்கிசைந்த தேர்வும் வழங்கப்படுகின்றனவா என்பதே ஹோசங்காபாத் விட்டுச்சென்ற வினா.