சமநிலை வலையமைப்பும் உடைமை உறவும்

நடுவில் நின்று வழங்கும் கணினி எதுவுமின்றி, இணைந்துள்ள ஒவ்வொரு கணினியும் கொடுப்பதும் கொள்வதுமாய் அமையும் முறையே 'பியர்-ரு-பியர்' எனப்படும் சமநிலை வலையமைப்பாகும். இத்தகைய மென்பொருள்களின் வருகையிலேயே தனியுடைமையின் தளர்ச்சியைக் கண்டோர் முற்போக்காளரிடையேயும் உளர். கருவி பரவலாவதையும் உடைமை பரவலாவதையும் ஒன்றெனக் கொண்டமையின் விளைவு இது.

1999இல் ஷோன் பனிங் என்னும் அமெரிக்க இளைஞர் வெளியிட்ட நப்ஸ்ரரில், இசைக்கோப்புகள் பாவனையாளரின் கணினிகளிலேயே இருந்தன. எப்பாடல் எவரிடம் உள்ளது என்னும் அட்டவணை மட்டும் கம்பனியின் வழங்கிகளில் இருந்தது. இசைத்தட்டுக் கம்பனிகள் தொடுத்த வழக்கில் அதனை வீழ்த்தியதும் அவ்வட்டவணையே. 2001 யூலையில் சேவை நின்றது.

2000 மார்ச்சில் தோன்றிய நுரெல்லாவில் மைய அட்டவணையே இல்லை. தேடுவோரின் வினா அயற்கணினிக்கும், அங்கிருந்து அதன் அயலுக்குமாகக் கைமாறிச் சென்றது. இதனை ஆக்கியோர் ஏ.ஓ.எல். கம்பனிக்குச் சொந்தமான நிறுவனமொன்றின் ஊழியர். தாய்க்கம்பனி மறுநாளே அதனை விலக்கிக்கொண்டது. (முதலாளித்துவம் தன் பணிமனையிலேயே தனக்கு ஒவ்வாததைப் படைத்துவிடுவதுண்டு.) ஆயினும் வெளியிலிருந்த நிரலாளர் அதன் இயக்கத்தை ஆராய்ந்து புதியனவற்றை ஆக்கிவிட்டனர். அவ்வாண்டிலேயே அடார், ஹூபர்மன் ஆகியோர் செய்த ஆய்வில், பாவனையாளருள் ஏறத்தாழ 70 வீதமானோர் எதனையும் பகிரவில்லை என்பது தெரியவந்தது. இதனை மனித இயல்பின் சுயநலத்துக்குச் சான்றாக்குவது மேலோட்டமான வாதம். கூட்டுழைப்பை ஒழுங்கமைக்கும் உறவெதுவும் அம்மென்பொருளில் இருக்கவில்லை. 2001இல் பிராம் கோயன் வெளியிட்ட பிற்ரொறென்ற், கோப்பைத் துண்டுகளாக்கி, தருவோர்க்கு விரைந்து கிடைக்கச் செய்தது. அதுவும் பண்டமாற்றின் நியதியே.

மூலதனம் இம்முறையைத் தனதாக்கிக்கொள்ளவும் விரைவிற் கற்றது. 2003இல் வந்த ஸ்கைப், வசதிமிக்க பாவனையாளர் கணினிகளையே இடைநிலையங்களாக்கியது. 2008இல் தொடங்கிய ஸ்பொற்றிபை, கேட்போரின் கணினிகளிலிருந்தே பிறர்க்கும் பாடல்களை அனுப்பிற்று. வழங்கிச் செலவின் ஒரு பங்கைப் பாவனையாளர் சுமக்க, வருவாய் கம்பனியைச் சேர்ந்தது. ஸ்கைப்பை 2011இல் வாங்கிய மைக்ரோசொப்ற், மறுவருடம் அவ்விடைநிலையங்களைத் தன் வழங்கிகளுக்கு மாற்றியது. ஸ்பொற்றிபை 2014இல் இம்முறையைக் கைவிடத் தொடங்கியது. 2025 மேயில் ஸ்கைப் மூடப்பட்டபோது, ஒருகாலத்தில் தம் கணினிகளால் அதனைத் தாங்கியோரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.