ஒரு பொறியுள் மறு பொறி: மெய்நிகராக்கத்தின் வரலாறும் பயனும்

ஓர் உறையில் இரு வாள் இருத்தல் இயலாது என்பது பழமொழி. கணினியின் பணிசெயல் முறைமைக்கும் இது நெடுங்காலம் பொருந்தியிருந்தது. நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை ஆகிய யாவற்றையும் தன் ஆணைக்குட்படுத்தி ஆள்வதே அதன் இயல்பாதலின், ஒரு பொறியில் இரு முறைமைகள் ஒருங்கே ஆட்சி செய்தல் அரிதாயிற்று. இன்றோ விண்டோஸ் இயங்கும் மடிக்கணினியிலேயே லினக்ஸையும் ஒரு சாளரத்துள் இயக்க இயலுகின்றது. இதனை இயல்விக்கும் மெய்நிகராக்கம் அண்மைக்காலப் புதுமையன்று. விலையுயர்ந்த பொறியொன்றைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டிய நெருக்கடியில் அது பிறந்தது. ஒரு பொறி மட்டுமே உடையோருக்கு இன்றும் அது பெரும்பயன் நல்குகின்றது.

இதன் அடிப்படையை உணர்த்த இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்தே ஓர் உவமை கூறலாம். புத்தளத்திற்குத் தெற்கே, கற்பிட்டி வீதி பிரியும் இடமாகிய பாலாவியின் அயலில் உப்பளங்கள் உள்ளன. உப்பளத்தில் நிலமும் ஒன்று. களப்பிலிருந்து வரும் நீரும் ஒன்று. எனினும் வரம்புகளால் பிரிக்கப்பட்ட பாத்திகளில் நீரின் உவர்ச்செறிவு வெவ்வேறாக இருக்கும். எப்பாத்திக்கு எவ்வளவு நீர் விடுவதென்பதை மடையைக் காப்பவர் முடிவு செய்வர். மெய்நிகராக்கத்தில் வன்பொருளே நிலமும் நீரும். ஒவ்வொரு மெய்நிகர் பொறியும் ஒரு பாத்தி. மேற்பார்வை மென்பொருளே மடை காப்பவர். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பாத்தியுள் அமர்ந்த விருந்தினர் முறைமை, அளம் முழுவதும் தனக்கே உரியது எனக் கொண்டு இயங்குகின்றது.

இக்கருத்து முதன்முதல் செயலுருப் பெற்றது அமெரிக்காவின் மசாசுசெட்சு மாநிலத்துக் கேம்பிறிட்ஜில் அமைந்த ஐ.பி.எம். அறிவியல் நிலையத்திலாகும். ரொபேட் கிறீசி, லெஸ் கோமோ ஆகியோர் 1964 இல் தொடங்கிய சி.பி.-40 என்னும் முறைமை 1967 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே பொறியில் 14 மெய்நிகர் பொறிகள் வரை ஒருங்கே இயங்கின. ஒவ்வொரு பயனரும் தமக்கெனத் தனிக்கணினி உடையார்போற் பணியாற்றினர். இவ்வழி வந்த வி.எம்./370 முறைமையை 1972 இல் ஐ.பி.எம். அறிவித்தது. 1974 இல் பொப்பெக், கோல்ட்பேர்க் என்னும் இருவர் இதற்கு இலக்கணம் வகுத்தனர். மெய்நிகர் பொறியில் நிரல்கள் மெய்ப்பொறியிற் போன்றே நடத்தல் வேண்டும். வளங்கள் மேற்பார்வையின் பிடியிலேயே இருத்தல் வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேரே செயற்படல் வேண்டும் என்பன அவர்தம் முடிபுகள்.

பின்னர் மலிவான தனியாட் கணினிகள் பெருகவே, பகிர்தலின் தேவை குன்றியது. மேலும், அக்கணினிகளில் அமைந்த இன்ரெல் செயலிகள் மேற்கூறிய இலக்கணத்திற்கு முற்றும் இயைந்தனவல்ல. பென்டியம் செயலியின் 17 கட்டளைகள், மேற்பார்வைக்கு அறிவியாமலே பிறழ்ந்து நடக்கும் தன்மையன என 2000 ஆம் ஆண்டின் ஆய்வொன்று சுட்டியது. எனினும் ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வின் வழித்தோன்றலாக 1998 இல் நிறுவப்பட்ட வி.எம்.வெயார் நிறுவனம், இடர்தரும் கட்டளைகளை இயங்கும்போதே பெயர்த்தமைக்கும் உத்தியால் அத்தடையைக் கடந்தது. 1999 இல் தனியாட் கணினிக்கான தன் மென்பொருளை வெளியிட்டது. 2005 இல் இன்ரெல்லும் 2006 இல் ஏ.எம்.டி.யும் செயலியிலேயே இதற்கான துணையைச் சேர்த்தன. 2007 இல் லினக்ஸின் கருவில் கே.வி.எம். இணைந்தது, அவ்வாண்டிலேயே வேர்ச்சுவல்பொக்ஸ் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. இவ்வாறு பெருநிறுவனங்களின் உடைமையாயிருந்த உத்தி மாணவரின் மடிக்கணினிக்கு இறங்கி வந்தது.

தமிழ்நாட்டு அரசு 2011 இல் தொடக்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மாணவர் பெற்ற கணினிகளில் விண்டோஸும், இந்தியாவில் உருவாக்கப்பட்ட பொஸ் லினக்ஸும் இருந்தன. ஆயின் அவை வன்தட்டின் வெவ்வேறு கூறுகளில் இருந்தவை. ஒன்றை நிறுத்திய பின்னரே மற்றதைத் தொடங்கலாம். மெய்நிகராக்கமோ இரண்டையும் ஒருசேர இயக்குகின்றது. விருந்தினர் முறைமையின் வட்டு முழுவதும் ஒரு கோப்பாகவே அமைதலால், சோதனை பிழைத்தால் அதனை நீக்கிவிடலாம். உடையவரின் ஆவணங்களுக்கு ஊறில்லை. ஒரே கணினியைக் குடும்பமே நம்பியிருக்கும் இல்லங்களில் இப்பாதுகாப்பு சிறிதன்று.

தமிழுக்கு இதனால் வேறொரு பயனும் உண்டு. ஒருங்குறி பரவுமுன் இலங்கைத் தமிழ் வெளியீடுகள் பல, பாமினி முதலிய எழுத்துருக்களைக் கொண்டு பேஜ்மேக்கர் போன்ற மென்பொருள்களில் அச்சுக்கோக்கப்பட்டன. பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001 இல் வெளிவந்தது. இன்றைய முறைமைகளில் அது செவ்வனே இயங்கும் என்று உறுதி கூறுவதற்கில்லை. எழுத்துருவை மாற்றும் கருவிகள் உளவேனும், கோப்பைத் திறக்க இயலாதவிடத்து அவற்றாற் பயனில்லை. முறைப்படி உரிமம் பெற்ற பழைய விண்டோஸை மெய்நிகர் பொறியொன்றில் நிறுவி, இணையத் தொடர்பைத் துண்டித்து வைத்தால், அக்கோப்புகளைத் திறந்து ஒருங்குறிக்கு மாற்றலாம். மலர்களும் சஞ்சிகைகளும் இவ்வாறு மீட்கப்படாவிடின், ஏடுகளைச் செல்லுக்கு இரையாக்கிய குறை கணினிக் காலத்திலும் தொடரும்.

இம்முறைக்கு எல்லைகளும் உள. இரு முறைமைகளும் ஒரே நினைவகத்தைப் பகிர்தலால், நினைவகம் குறைந்த பொறியில் இரண்டும் தளரும். செயலியின் இனம் வேறுபட்டால் மெய்நிகராக்கம் மட்டும் போதாது. 2020 முதல் ஆப்பிள் தன் கணினிகளில் சேர்த்த புதிய செயலிகளில் பழைய விண்டோஸை இயக்க, மெதுவாகச் செல்லும் போலச்செய்தல் முறையையே நாடவேண்டும். ஆதலின் பழைய கோப்புகளை மீட்கும் பணியைக் காலந்தாழ்த்துதல் நன்றன்று. பொறியின் விலையால் பிறந்த இவ்வுத்தியை மொழியின் செல்வத்தைக் காக்கவும் பயன்கொள்ளுதல் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரின் கடனாகும்.