சிற்றுருவ வார்ப்புக்கான நெகிழிகள்

வீட்டில் சிற்றுருவங்களை வார்க்க நெகிழி தேடுபவர்கள் பெரும்பாலும் எது உறுதியானது என்றே முதலில் கேட்கிறார்கள். 28 மி.மீ. உயரமுள்ள ஒரு போர்வீரனின் விரலும் வாள்முனையும் அச்சுக்குள் முழுதாக நிரம்புமா என்பதே அதற்கு முன் தீர வேண்டிய கேள்வி. கடையில் கிடைக்கும் உருவங்கள் இந்த இடத்தில் வழிகாட்டிகள் ஆகா. ஏர்ஃபிக்ஸ் விமானத் தொகுப்புகளும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் படைவீரர்களும் பாலிஸ்டைரினால் ஆனவை. 200 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கிய நெகிழியைப் பெரும் அழுத்தத்தில் உலோக அச்சுக்குள் செலுத்தி அவற்றை உருவாக்குகிறார்கள். அந்த அழுத்தம் வீட்டில் கிடையாது. பழைய தண்ணீர் பாட்டில்களை உருக்கி ஊற்றலாமே என்பது அடிக்கடி எழும் யோசனை. பாட்டிலின் பெட் நெகிழி உருகவே ஏறத்தாழ 250 பாகை வேண்டும். உருகிய பின்னும் தானாக ஓடி நுண்ணிய குழிகளில் இறங்காது. பிவிசியைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு ஆவி கிளம்பும். பாலிகேப்ரோலாக்டோன் மட்டும் 60 பாகை வெந்நீரிலேயே இளகும். ஆனால் பிசைந்த மாவு போலத்தான் இருக்கும். தளமேடைக்கும் கைப்பிடிக்கும் உதவும், முகத்துக்கு உதவாது.

ஆகவே உருக வேண்டியதை விட்டு, திரவமாக ஊற்றினால் தானே இறுகுவதைத்தான் தேட வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் மலிவு; ஆனால் ஸ்டைரின் நெடி வீட்டை நிறைக்கும், இறுகும்போது கணிசமாகச் சுருங்கும், சிலிக்கோன் அச்சையும் விரைவில் கெடுக்கும். எபாக்சி அவ்வளவாகச் சுருங்காது, தெளிவாகவும் இருக்கும். ஆனால் கெட்டியான திரவம் என்பதால் குமிழி எளிதில் வெளியேறாது. பல வகைகள் இறுக ஒரு நாள் எடுக்கும். ஓட்டோ பேயரின் குழு 1937இல் கண்டறிந்த பாலியூரித்தேனின் வார்ப்பு வகைகளே இங்கு முந்துகின்றன. எடுத்துக்காட்டாக, ஸ்மூத்-காஸ்ட் 300 என்ற ரெசினின் இரு திரவங்களையும் கொள்ளளவில் சரிபாதியாகக் கலக்க வேண்டும். கலவை சமையல் எண்ணெய் அளவுக்கே கெட்டியானது. ஊற்ற சுமார் 3 நிமிடம், அச்சிலிருந்து எடுக்க சுமார் 10 நிமிடம். அச்சுக்குள் டால்கம் பவுடரை மெல்லப் பூசி, மிகுதியைத் தட்டிவிட்டு ஊற்றினால், அழுத்தக் கலன் இல்லாமலே மூக்கு நுனிவரை ரெசின் பரவும்.

ஈரம் பாலியூரித்தேனின் முதல் பகை என்பது நியாயமான மறுப்பே. அதன் இரு திரவங்களில் ஒன்றிலுள்ள ஐசோசயனேட்டுடன் நீர் சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகி வார்ப்பு நுரைத்துவிடும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் இது அன்றாடத் தொல்லை. காகிதக் குவளையும் ஐஸ்குச்சியும்கூட ஈரத்தைத் தாங்கியிருக்கும்; நெகிழிக் குவளையும் உலோகக் கரண்டியும் அந்த ஆபத்தைக் குறைக்கும். பெரிய கேன் வாங்கி மாதக்கணக்கில் திறந்து மூடுவதைவிடச் சிறிய பொதிகளே மேல். வெயில் காலத்தில் அந்த 3 நிமிடமும் சுருங்கும் என்பதால், ஒரு தடவைக்கு ஓரிரு அச்சுகளுக்கான அளவை மட்டும் கலக்க வேண்டும்.

உடல்நலம் பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. ஐசோசயனேட்டுகள் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை. 2023 ஆகஸ்ட் முதல், இவை 0.1 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள்களைத் தொழில்முறையில் கையாள்பவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. துணிக் கவசம் ஆவியைத் தடுக்காது. காற்றோட்டம், கையுறை, கரிம ஆவி வடிகட்டி பொருத்திய முகக்கவசம் மூன்றும் வேண்டும். இறுகிய உருவத்தையும் நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். இதனால் எபாக்சி பாதுகாப்பானது என்று முடிவுகட்டுவதும் தவறு: அதன் ஹார்டனர் பலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தருகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் பாலியூரித்தேன் வார்ப்பில் இறங்கவே கூடாது.

முப்பரிமாண அச்சுப்பொறி வந்தபின் வார்ப்பு எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஓர் உருவம் போதுமென்றால் அச்சுப்பொறியே சரி. ஒரே வீரனில் இருபது வேண்டுமென்றால், அச்சிட்ட ஒன்றை மூலமாக வைத்து அச்செடுத்து வார்ப்பதில் இன்னும் பொருளுண்டு. ஆனால் புற ஊதா ஒளியில் இறுகும் ரெசினில் அச்சிட்ட மூலத்தின்மேல் பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் பல சமயம் இறுகாமல் பிசுபிசுத்து நிற்கும். அத்தகைய மூலத்துக்குச் சற்றே சுருங்கினாலும் டின் வகைச் சிலிக்கோனே நம்பகமானது.